இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டிய இரவு

சலாஸ்பில்ஸில் பிப்ரவரி.
தௌகவா ஆறு கரைக்குக் கரை உறைந்து கிடக்க
பனியைத் துளைத்து மீன் பிடிப்பவர்களின் விளக்குகள்
ஆய்வுக்கூட ஜன்னலில் தெரியும்.
நான் ஓயார்ஸ். மோட்டார்க்காரன்.
கட்டுரைகளின் கடைசியில், நன்றி சொல்லும் வரியில்
இரண்டு முறை என் பெயர் வந்திருக்கிறது,
ஒருமுறை எழுத்துப்பிழையோடு.

உருளைக்குள் எண்ணெய். எண்ணெய்க்குள் இரும்புத் தூள்.
தூள் என்றால் விஸ்மாவுக்குக் கோபம் வரும்.
"தூள் அடியில் தங்கும். இது தங்காது.
ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம்,
ஒரு மயிரின் அகலத்தில் எட்டாயிரம் நிற்கும்."
சட்டையில் பட்டால் போகாது,
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெரிய காந்தத்தைப் போட்டால்
அத்தனையும் அது காட்டிய திசைக்குத் தலை திருப்பும்.
பக்கவாட்டில் பொருத்திய உணரிக்கு அப்போது
சொல்ல ஒன்றுமில்லை. சுழியம்.
உருளை சுழன்றால்தான் வம்பு.
ஓட்டம் தோளைப் பிடித்துத் திருப்ப
காந்தம் பிடரியைப் பிடித்து இழுக்க
இரண்டுக்கும் கீழ்ப்படியாத ஒரு சாய்வில்
துகள்கள் நிற்கும்.
மூன்றேகால் டிகிரி.

"உணரி கோணல்" என்றார் ரீகாவிலிருந்து வந்த பேராசிரியர்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
மூன்று வாரம்
திருகாணிகளைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாய் விஸ்மா.

எனக்குக் காதுதான் கருவி.
காந்தம் ஏறும்போதெல்லாம் மோட்டாரின் முனகல்
அரைச் சுருதி இறங்கும்,
மாவு இறுகியது தெரியாமல்
கிண்டிக்கொண்டிருக்கும் கைபோல.
"எண்ணெய் கெட்டியாகிறது" என்றேன்.
"எண்ணெய் இல்லை, பிடிவாதம்" என்றாள்,
திருகாணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஒன்றரை மணிக்கு, கேட்காமலே,
மின்சாரத்தை அணைத்து
மோட்டாரின் மூன்று கம்பிகளில்
இரண்டை மாற்றிப் பூட்டினேன்.
உருளை எதிர்ப்பக்கம் சுற்றியது.
கோணல் உணரி என்றால்
எப்படிச் சுற்றினாலும் அதே கோணல்தானே?

திரையில் ஒரு சின்னக் கோடு,
எண்ணுக்கு முன்னால்.
கழித்தல் மூன்றேகால்.

அவள் கத்தவில்லை.
கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையில் துடைத்தாள்.
சட்டையில் இருந்த கறுப்பு கண்ணாடிக்கு வந்தது.
அதோடே மாட்டிக்கொண்டு
"மெல்லக் குறை" என்றாள்.

வேகம் தணியத் தணிய
மூன்று. இரண்டு. முக்கால்.
நின்றதும் சுழியம்.
எண்ணெய் மறுபடி காந்தத்துக்கு நேராக,
மறுபேச்சில்லாமல்.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இப்படி இருப்பது பிடிக்கவில்லை, ஓயார்ஸ்.
இன்னொரு முறை ஓட்டு."

விசையைத் தட்டினேன்.
முனகல் எழுந்து, தயங்கி,
அரைச் சுருதி இறங்கியது.