நான்கெல்லை

சர்வர் படுத்துவிட்டது, மூன்று மணிக்கு மேல் வாருங்கள்
என்றார்கள் பத்திர ஆபீஸில்.
விடுதலைப் பத்திரம் என்று பெயர்.
யாருக்கு விடுதலை என்று எழுதுபவரிடம் கேட்டேன்.
பாத்தியதையிலிருந்தும்மா, என்றார்
டீயில் ஆடையை ஊதி ஒதுக்கிக்கொண்டே.

அண்ணன் அம்பலவாணனும் நானும்
பேசிப் பத்து மாதம்.
பேசாமலே கோட்டை வரை நடந்தோம்.
தரங்கம்பாடியில் அந்த வெயிலுக்கு
ஒதுங்க வேறு இடம் தெரியவில்லை.
சீட்டு அவன்தான் எடுத்தான், இரண்டு.
சில்லறையை எண்ணி வாங்கினான்.

உள்ளே குளிர்ந்த சுவர், உப்புப் பூத்த செங்கல்.
பலாமூசு அளவில் பீரங்கிக் குண்டுகள்.
அம்மி என்று நினைத்தது திமிங்கில எலும்பு.
நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டு, விளிம்பு போனது.
எங்கள் வீட்டில் இப்படி உடைந்தால்
எருக்குழிக்குப் போகும்.
இங்கே அதற்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

பானை ஓடுகள் ஒரு தட்டு நிறைய.
ஒன்றின் கழுத்தில் கட்டைவிரல் அமுங்கிய குழி,
ரேகைகூடத் தெரிந்தது.
கண்ணாடி மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன்.
அளவு சரியாக இருந்தது.
தொடாதீங்கம்மா, என்றார் காவலாளி
செல்போனிலிருந்து தலை தூக்காமல்.

கடைசிப் பெட்டியில் பழைய கிரயச் சாசனம்.
விற்றவன் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது,
வாங்கியவன் பெயரில் பாதியை.
நான்கெல்லை மட்டும் பிழைத்திருக்கிறது.
வடக்கே தெரு.
மேற்கே இலுப்பைத் தோப்பு.
தெற்கே குமரப்ப செட்டி மனைக்கட்டு.
கிழக்கே கடல்.

அண்ணன் வாய்விட்டுப் படித்தான்.
பிறகு சிரித்தான்.
“கடல் கையெழுத்துப் போட்டிருக்குமா?”
என்னிடம் கேட்கவில்லை, பெட்டியிடம்தான் கேட்டான்.
இருந்தாலும் நான் பதில் சொன்னேன்:
“கைநாட்டா இருக்கும்.”

வெளியே வந்தோம்.
கிழக்கே கடல் இல்லை,
கிழக்கை விட்டு இங்கேயே குடிவந்துவிட்ட கடல்.
சிவன் கோயிலின் முன்பாதியை
எப்போதோ எடுத்துக்கொண்டது.
கிரயமில்லை, பட்டா மாறுதலுமில்லை.
கருங்கல் கொட்டி
இதற்கு மேல் வராதே என்கிறார்கள் அதனிடம்.

எங்கள் வயலுக்கும் வந்தது, அடிவழியாக.
சுனாமிக்குப் பிறகு பம்புசெட் தண்ணீரில் சோறு வடித்தால்
உப்புப் போட வேண்டியதில்லை.
நெல் கருகிய வருஷங்களில்
யாருக்கும் பங்கு ஞாபகம் வரவில்லை.
இறால் பண்ணைக்காரன் விலை வைத்ததும்
உப்பும் சொத்தாகிவிட்டது.
அந்த மூன்று மாவுக்குத்தான் பத்து மாதம்.

மூன்றரைக்குச் சர்வர் எழுந்தது.
கிழக்கே கோவிந்தன் வாய்க்கால்,
என்று வாசித்தார் எழுதுபவர்.
அது தூர்ந்துபோனது நான் பள்ளிக்கூடம் போகும்போதே.
அண்ணன் என்னைப் பார்த்தான்.
இருவரும் திருத்தவில்லை.

கருவியில் விரல் வைத்தேன். பதியவில்லை.
எட்டு வருஷம் ஐஸுக்குள் இறால் உரித்த விரல்.
ரேஷன் கடையிலும் இதே கதைதான்,
அங்கே கண்ணைக் காட்டி அரிசி வாங்குகிறேன்.
வேறு விரல் வையுங்கள்.
துடைத்துவிட்டு வையுங்கள். அழுத்தி.
தையல்நாயகி என்பது நீங்கள்தானே?

அந்தப் பானைக்காரி
(பானைக்காரியாகத்தான் இருக்க வேண்டும்)
ஒரே தரம்தான் அழுத்தியிருப்பாள்,
மண் காயுமுன், வேறெதையோ நினைத்துக்கொண்டு.

அண்ணன் என் கையைப் பிடித்துத்
தன் புது வேட்டி நுனியில் துடைத்தான்,
விரல் விரலாக.
பாசம் என்று சொல்ல மாட்டேன்.
வரிசையில் பின்னால் ஆள் நின்றது.
ஆனால் சுண்டுவிரலையும் துடைத்தான்,
அதை யாரும் கேட்கவில்லை.

கருவி சிவப்பாகவே இருந்தது.
நாளைக்கு வரலாமா என்றார் யாரோ.
இன்னொரு தரம் பார்க்கலாம் என்றேன்.
நான்தான் சொன்னேன்.