உறவினர்: இல்லை

வள்ளியூர் கோர்ட்டில் ஆடிக் காற்று
முதலில் விசாரிப்பது காகிதங்களை.
ரிமாண்டு கட்டின்மேல் பெஞ்ச் கிளார்க்
டிபன் பாக்ஸை ஏற்றி வைத்திருந்தார்.
இலவச சட்ட உதவியில் எனக்கு வந்த வழக்கு:
பணகுடிக்குத் தெற்கே ஒரு காற்றாலை,
செம்புக் கம்பி நாற்பது கிலோ,
எதிரி ஹாடிபந்து.

எங்கள் கோர்ட்டுத் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவன் எதிரிதான்.
யாருக்கு என்று ஜூனியராக இருந்தபோது கேட்டேன்,
சீனியர் அடுத்த வாய்தாவைக் குறித்துக்கொண்டார்.

பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து
திரைக்கு வந்தது பாதி நெற்றி, ஒரு கண்.
தமிழ் தெரியுமா? தலையாட்டினான்.
இந்தி? அதே ஆட்டம்.
அடிச்சாங்களா? அதற்கும்.

கைதுக் குறிப்பில் ஏட்டு எழுதியிருக்கிறார்:
'எதிரிக்குக் குற்றம் புரிந்தது.'
விளங்கியதும் புரிந்ததுதான்,
செய்ததும் புரிந்ததுதான்;
நம் மொழி அவனுக்கு விட்டுவைத்த சந்து அவ்வளவே.

ஹேக் நகரில்
ஊர் ஊராக எரித்ததாகச் சொல்லப்படும் தளபதிக்கும்
காதில் மாட்ட ஒரு கருவி உண்டு.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
அவன் தாய்மொழி வந்துகொண்டே இருக்கும்.
வரத்தான் வேண்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.
நான் கேட்டது
ஒடியா தெரிந்த ஒரே ஒரு ஆள்.

"கையெழுத்துப் போட்டிருக்காம்லா மேடம்,
புரியாமலா போட்டான்?" என்றார் ஏட்டு.
மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்து,
"கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்."

பதினேழாம் நாள்
கங்கைகொண்டான் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து
தலையில் பஞ்சுத் தூசியோடு
இரண்டு பஸ் மாறி வந்தாள் குந்தளா.
படிக்காசு கிடையாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

குறிப்பை வாங்கினாள்.
'தகவல் தெரிவிக்க உறவினர்: இல்லை.'
அதற்கு நேர் கீழே
கூழ்வத்தல் பிழிந்து காயப்போட்டதுபோல்
வளைந்து வளைந்து அவன் கையெழுத்து.

விரல் வைத்து எண்ணினாள்.
திரும்பவும் எண்ணினாள்.
"அக்கா, இது பேரு இல்ல.
நம்பரு. பத்து இருக்கு."

பதினேழு நாள்
சீல் குத்தி, நூல் கோத்து, பக்க எண் போட்டு
மூன்று மேஜை கடந்து வந்திருக்கிறது
அந்தப் போன் நம்பர்.

வராந்தாத் தூணோரம் காற்றுக்கு முதுகு காட்டி
அவள் சொல்லச் சொல்ல அழுத்தினேன்.
நாலாவது மணியில் ஒரு பெண் குரல்.
போனைக் குந்தளாவிடம் கொடுத்தேன்.

பேசினாள், கேட்டாள், நிறுத்தினாள்,
வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.
"அவன் இப்ப அங்க என்னவா இருக்கான்னு கேக்காங்க.
பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

'எதிரி' என்றேன்.

"அப்படீன்னா?"