மற்றவர்கள்: 1

நவம்பர் முடிகிறது. கிண்டி எஸ்டேட்டில் முழங்கால் தண்ணீர்.
இரண்டாம் மாடியில் பதினோரு பேர்
அமெரிக்காவைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.

வாக்குச்சாவடி வாரியாக ஸ்கேன் செய்த தாள்கள் வரும்.
சில ஊர்களில் பேனாவால் எழுதியிருப்பார்கள்.
அவர்களுடைய ஏழையும் ஒன்றையும் பிரித்தறிய
எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.
நீலக் கட்சிக்கு ஒரு பத்தி, சிவப்புக் கட்சிக்கு ஒரு பத்தி,
அப்புறம் பெயரே கேள்விப்படாத நாலைந்து.

முபாரக்குக்கு எல்லாம் தெரியும். டீ இடைவேளையில்
சமோசாவைப் பிட்டபடி சொன்னான்:
ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் முழு மாநிலமும் அவனுக்கே,
ரெண்டே மாநிலம் விதிவிலக்கு.
அதனால் முடிவு தெரிந்த மாநிலத்துக்காரன்
மூன்றாமவனுக்குப் போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.
ஊசலாடும் மாநிலத்துக்காரன்
மூக்கைப் பிடித்துக்கொண்டு ரெண்டில் ஒன்றுக்குப் போடணும்.
சிலர் மாற்றிக்கொள்வதும் உண்டாம்,
நீ எனக்காக அங்கே, நான் உனக்காக இங்கே.
"முதல் வகைக்குப் பேரு பாதுகாப்பான மாநிலம்."
யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டேன்.
சமோசா தீர்ந்துவிட்டது.

கொடுங்கையூரில் எங்கள் தொகுதியும் அப்படித்தான்.
யார் ஜெயிப்பார் என்று பால் பாக்கெட் போடுகிறவருக்கும் தெரியும்.
ஆனாலும் ஏகாம்பரம் நின்றார்,
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.
சின்னம் தபால் பெட்டி.
குப்பைமேடு எரிந்த புகையை ஜாம் பாட்டிலில் அடைத்து
வீடு வீடாகக் கொண்டுவந்தார்.
பாட்டிலில் ஒன்றும் தெரியவில்லை,
சரியாகக் கழுவாத மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.
"டெபாசிட் போயிடும்மா, தெரியும்" என்றார்.
"ஆனா எண்ணித்தானே ஆகணும்?"

ஏப்ரல் வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன்.
பொத்தானை அழுத்தினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி
தபால் பெட்டி எனக்கு மட்டும் தெரிந்தது.
பிறகு விழுந்தது.

ஆண்கள் வரிசையிலிருந்து வெளியே வந்த என் வீட்டுக்காரர்
கரும்புச்சாறு கடையில் மை விரலைக் காட்டினார்:
"நானும் தபால் பெட்டிக்குத்தான்."
ஒரே கிளாஸை மாற்றி மாற்றிக் குடித்தோம்.
அன்றைக்கு அவர் மேல் வந்த பிரியத்தை
எந்தப் பத்தியில் ஏற்றுவது?

சாவடிக் கணக்கை நான் தேடியிருக்கக் கூடாது.
தொழில் புத்தி. ஜூலையில் ஒரு லீவு ராத்திரி
படிவம் இருபதைத் திறந்தேன்.
எங்கள் பள்ளிக்கூடம், மூன்றாம் அறை, எங்கள் தெரு.
கோ. ஏகாம்பரம், சுயேச்சை: 1.

ஜூம் செய்து பார்த்தேன்.
பக்கத்தில் அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கேட்கவில்லை. ரகசிய வாக்கெடுப்பு அவருக்கும் உண்டு.
எங்கள் வீட்டை முடிவு தெரிந்த மாநிலம் என்று
பதிமூன்று வருஷமாக நினைத்திருந்தேன்.

இன்று விடிகாலை மூன்றரைக்கு வயோமிங்கிலிருந்து ஒரு தாள்.
ஊர்ப்பெயர் மழுங்கியிருக்கிறது. சிவப்பு 143, நீலம் 22.
கடைசிப் பத்தியில் கோணலாக ஒரு கோடு.
ஏழு இல்லை. ஒன்று.

டீம் லீடர் பெனடிக்டா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்:
அஞ்சுக்குக் கீழ இருக்கறதெல்லாம்
'மற்றவர்கள்'னு சேர்த்துடு, கிளையன்ட் சொல்லிட்டாங்க.
சேர்த்தேன்.
கூட்டுவதற்கு வேறு யாரும் இல்லை.

அங்கே இப்போது பிற்பகல். பனி பெய்யலாம்.
ஆணோ பெண்ணோ, அந்த ஒருவரும்
இந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கக்கூடும்.
எதிர் நாற்காலியில் சூப் குடிக்கிறவரை
நிமிர்ந்து பார்த்திருக்கலாம்,
உப்பு போதுமா என்று மட்டும் கேட்டிருக்கலாம்.

கேப் டிரைவர் கூப்பிடுகிறார்,
கணேசபுரம் சப்வேயை மூடிவிட்டார்களாம்,
சுற்றித்தான் போகணும்.
போகலாம்.
இட்லி மாவை எடுத்து வெளியே வைத்துவிட்டதாக
வீட்டிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது.