ஈரக்கழிவு

லோஃபோதென் தீவுகளில், துறைமுகக் கொட்டகையில்,
மீன் நிறுக்கிறவனாக இருந்தேன்.
குளிர்காலத்தில் நாலு வாரம் சூரியன் எழாத ஊர்.
விளக்கு வெளிச்சத்தில் எல்லாருடைய கையும் ஒரே நிறம்.

தராசுத் தட்டின் அடியில் என் இடது கட்டைவிரல்
எப்போது போய் நின்றது என்று கேட்டால்
உண்மையாகவே தெரியாது.
முதல் வாரம் கை நடுங்கியது, ஞாபகமிருக்கிறது.
இரண்டாம் வாரம் குளிர் என்றேன்.
மூன்றாம் வாரம் நடுக்கமில்லை.

முதலாளி ஒரு வார்த்தை சொன்னதில்லை.
சம்பள உறையில் ஒரு நோட்டு கூடுதலாக இருந்தது.
நானும் கேட்கவில்லை.
திருட்டு என்று பேர் வைத்திருந்தால்
அது என்னோடு ஒரே படுக்கையில் தூங்கியிருக்காது.
ஈரக்கழிவு என்று வைத்தேன்.
நனைந்த மீனோடு கடலும் கொஞ்சம் தட்டில் ஏறுகிறதே,
கடலுக்கு யார் காசு கொடுப்பது?
பேரேட்டில் அதற்கென்று தனிப் பத்தி போட்டேன்,
சிவப்பு மையில், அழகான கையெழுத்தில்.

ஞாயிறுதோறும் ஆலயக் காணிக்கையை எண்ணியதும் நான்தான்.
பதினோரு வருஷத்தில் ஓர் ஓரே குறைந்ததில்லை.
ஒருமுறை செப்புக்காசு ஒன்று பெஞ்சுக்கடியில் உருண்டதென்று
விளக்கோடு முட்டிபோட்டு அரைமணி நேரம் தேடினேன்.
பார்த்தவர்கள் பார்த்தார்கள்.
நானும் என்னைப் பார்த்தேன்.
பார்த்து, நம்பினேன்.

தீமைக்குக் கொம்பு இருக்கும் என்றார்கள்.
என்னுடையதற்குச் சுத்தமான நகம் இருந்தது.

ரன்வெய்க்கின் மகன் ஓஸ்லாக்
கடன் தீராமல், மார்ச்சில், காற்று சரியில்லாத நாளில்
இன்னுமொரு நடை போனான்.
படகு கவிழ்ந்தபடி வந்தது. அவன் இரண்டு நாள் கழித்து.
பெட்டி சுமந்த ஆறு பேரில் நான் ஒருவன்.
தோளில் பாரம் அழுந்தியபோது,
சொன்னால் நம்பமாட்டீர்கள்,
எடை எவ்வளவு இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது.
பிறகு
கழித்துப் போட்டது.

மே மாதம்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை.
போகாமலிருக்க தினம் ஒரு நல்ல காரணம் கிடைத்தது,
ஜெபம்கூட.
ஜெபித்துவிட்டுப் போகலாமென்று முழங்காலில் நிற்பேன்;
எழும்போது போய்வந்த மாதிரியே இருக்கும்.

கடைசியில் போனேன். கதவுக்குத் தாழில்லை.
மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
ஒவ்வொரு கூடையையும் துறைக்கு வருமுன்னே
ஓஸ்லாக் படகில் நிறுத்து எழுதியிருக்கிறான்.
அவன் எடை ஒரு பக்கம், என் எடை ஒரு பக்கம்,
மூன்று பருவம்.
"உனக்கும் தெரியுமா?"
"தெரியும். வாசி. சத்தமாக."

நாற்பத்தொரு வரி.
குரல் அடைத்தபோதெல்லாம் காத்திருந்தாள்.
பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது:
இரண்டு தட்டுகள்.
நான் வருமுன்னே வைத்தவை,
சூப்பின்மேல் ஆடை படிந்திருந்தது.
"முதலில் அவனுக்கென்று வைத்தேன்," என்றாள்,
"ஈஸ்டருக்குப் பிறகு உனக்கு.
எனக்கு இஷ்டமேயில்லை.
வைக்கச் சொன்னவரோடு ராத்திரியெல்லாம் சண்டை.
ஆறுகிறது, சாப்பிடு."

வேலையை விட்டேன். நாலு வருஷம் எல்லார் வீட்டுக்கும்
பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது கடன்; கடனுக்குக் கணக்கு உண்டு.
அந்தத் தட்டை எந்தப் பத்தியில் எழுதுவது?

இப்போது வலை பின்னுகிறேன்.
நல்லவனாகிவிட்டேன் என்று தோன்றுகிற நாளில்
இடது கையை விளக்கருகே நீட்டிப் பார்ப்பேன்.
நகம் சுத்தமாகத்தான் இருக்கிறது.
பயமாயிருக்கிறது.
கோட்டை மாட்டிக்கொண்டு
ரன்வெய்க் வீட்டுக்குச் சாப்பிடப் போவேன்.