முந்தைய அளவு

வில்லிவாக்கம், மூன்றாவது மாடி.
சாப்பாட்டு மேசையில் ஐந்து கம்பெனிகளின் தாள்கள்.
மின்விசிறிக்குப் பறக்காமல் அவற்றின் மேல்
ஊறுகாய் பாட்டில், சர்க்கரை பார்க்கும் கருவி,
சப்பாத்திக் கட்டை.

ஓய்வூதியர் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது.
ஓர் இதயத்துக்குப் போதும் அது.
இதயமும் சிறுநீரகமும் ஒரே மாதத்தில் வந்தால்
போதாது என்றார் சங்கக் கூட்டத்தில் வேதாசலம்.
அவருக்கு வந்தது.
மணலியில் வாங்கிப்போட்ட மனையை விற்றபின்தான்
அவரால் கூட்டத்துக்கு வந்து
அதைச் சொல்லவும் முடிந்தது.

"டாப்-அப்னா என்ன?" என்றாள் தேவகுஞ்சரி.

முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில்
வீடு வீடாகக் கணக்கெடுத்தவன் நான்.
தெரிந்த பாஷையில் சொன்னேன்:
முதல் நூறு யூனிட் இலவசம்,
அதுக்கு மேல நாம கட்டறோம் இல்லையா,
இது அப்படியே தலைகீழ்.
முதல் அஞ்சு லட்சம் நம்ம பாடு.
அதுக்கு மேல அவங்க.

"நம்ம பாடுன்னா?"
பழைய திட்டம் கொடுக்கும்.
"கொடுக்கலைன்னா?"
நான் அடுத்த தாளை எடுத்தேன்.

அம்பத்தூரில், ஏற்றுமதிச் சட்டைகளில்
விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்தே
சம்பளம் வாங்கிய கண்கள் அவளுடையவை.
பொடி எழுத்தில் விரலை ஓட்டி
அறை வாடகைக்கு வரம்பைப் பிடித்தாள்.
நூற்றுக்கு இருபது நாம் தர வேண்டும் என்பதைப் பிடித்தாள்.
கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று
முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடையாது.
"அதுவரைக்கும் நொண்டச் சொல்றானா?"
அந்தத் தாள் சப்பாத்திக் கட்டைக்கு அடியிலிருந்து
குப்பைக்கூடைக்குப் போனது.

மிஞ்சியது ஒன்று.
ஏஜென்ட் பெண் பெனிட்டா போனில் சொன்னாள்:
"ஒண்ணையும் மறைக்காதீங்க சார்.
இப்ப மறைச்சா, படுத்திருக்கும்போது கேப்பாங்க."

என் பக்கத்தை நிரப்பினேன்.
சர்க்கரை, பதினைந்து வருடம்.
ரத்த அழுத்தம், மாத்திரையின் பெயர், அளவு.
மிகச் சரியாக எழுதினேன்.
அடுத்தது, துணைவர்.
இல்லை. இல்லை. இல்லை.
வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த பேனாவை
எட்டாவது கேள்வியில் அவள் விரல் மறித்தது.

கட்டி, வளர்ச்சி, திசுப் பரிசோதனை.

"இதுல ஆமாம்னு போடுங்க."

கீழே மெட்ரோ வேலை நடக்கிறது.
மேசைமேல் தண்ணீர் டம்ளர் லேசாக நடுங்கியது.

"எப்போ?"
"வர்தா புயலப்போ. நீங்க ஆபீசே கதின்னு கிடந்தீங்களே.
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரில டோக்கன் போட்டேன்.
பதினோரு நாள் கழிச்சு
ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."
"எங்கிட்ட ஏன் சொல்லல?"
"நீங்க ஊருக்குக் கரண்ட் கொடுத்துக்கிட்டிருந்தீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை.
அதுதான்.

அந்தப் பதினோரு நாளும்
எனக்கு டப்பா கட்டியிருக்கிறாள்.
ஒருநாள் எலுமிச்சை சாதத்தில் உப்பில்லை என்று
நான் மூடி வைத்தது நினைவிருக்கிறது.
அது எந்த நாள் என்றுதான் தெரியவில்லை.

கணக்கெடுக்கப் போகும் வீட்டில் ஆளில்லை என்றால்
'கதவு பூட்டு' என்று குறித்து
முந்தைய அளவையே போட்டுவிட்டு வருவோம்.
விதியில் இடம் உண்டு.
ஒரு தடவைக்கு.

நான் கதவைத் தட்டியிருக்கிறேனா?

எட்டாவது கட்டத்தில் 'ஆமாம்'.
ரிப்போர்ட் புடவைக்கட்டுக்கு அடியில்,
அரசு முத்திரையோடு, மடிப்பில் கிழிந்து.
பிரீமியம் கூடலாம் சார் என்றாள் பெனிட்டா.
கூடட்டும்.

முதல் ஏழு 'இல்லை'களையும் அடித்தேன்.
அடித்தல் திருத்தல் கூடாது என்று
தாளின் தலைப்பிலேயே போட்டிருக்கிறது.
வேறு படிவம் எடுத்து
முதல் கேள்வியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன்:

"மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை.
பேனாவை மூடி வைத்துவிட்டு
நான் உட்கார்ந்திருந்தேன்.