அடுப்பு கூடாது

மேன்ஷன் மாடிப்படி வளைவில்
சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறது:
அறைக்குள் அடுப்பு கூடாது.
யாரோ கீழே பென்சிலில் சேர்த்திருக்கிறார்கள்:
பெருமூச்சும்.

பதினோரு வருடமாகப் புரசைவாக்கத்தில்
அல்வா கிண்டுகிறேன்.
நாளைக்கு மூன்று அண்டா.
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
நெய் தெறித்த புள்ளிகள்,
எண்ணுவதை நாற்பதோடு விட்டாயிற்று.

எனக்கும் ஜெபினுக்கும் பொதுவில்
ஒரு மின்விசிறி, ஒரு வாளி,
கதவுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு ஆணி.
இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட
என் கை இனிப்பு அவன் வாய்க்குப் போனதில்லை.
பாலை விட்டவன். நெய்யை விட்டவன்.
போன ஆனியில் தேனையும்.
ஏன்டா என்று கேட்டதற்கு
"அது கன்னுக்குட்டியோடதுண்ணே" என்றான்,
சாக்ஸை உதறிக் காயப்போட்டான்.
அவ்வளவுதான் பிரசங்கம்.

திங்கள் இரவு அவனுக்கு
வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது.
எனக்குச் செவ்வாய் விடுமுறை.
சொம்பில் முந்திரியை ஊறப்போட்டுவிட்டுப் படுத்தேன்.

ஜாம்பஜாரில் கேரட்காரி கேட்டாள்
"சாம்பாருக்கா?"
"அல்வாவுக்கு."
"அப்ப சிவப்பா எடு, பாகு நல்லா இழுக்கும்."
"பாகு இல்லம்மா. அடுப்பே இல்ல."
நிமிர்ந்து பார்த்தாள்.
பாவம் என்று ஒன்று கூடப் போட்டாள்.

நோன்புக்கு வாங்கி மிஞ்சிய பேரீச்சை
பெரிய தெருக் கடையில் விலை இறங்கியிருந்தது.
காய்சீவி மெஸ் தவமணியிடம் இரவல்.
அரைமூடித் தேங்காயைத் துருவி
புதுக் கைக்குட்டையில் முறுக்கிப் பிழிந்தேன்.
ஏலக்காயை நசுக்கியது அறைப் பூட்டு.
பேரீச்சையை மசித்தது டம்ளரின் அடிப்பாகம்.
கேரட் விட்ட தண்ணீரை நானே குடித்தேன்,
சித்திரை வெயிலுக்கு அது தனிக் கணக்கு.

பிறகு பிசையத் தொடங்கினேன்.
துடுப்பு இல்லை, ஆனாலும் தோள்
வலப்பக்கமாகவே சுற்றுகிறது.
அடி பிடித்துவிடுமோ என்று
ஒரு தடவை குனிந்துகூடப் பார்த்தேன்
எவர்சில்வர் தட்டுக்குக் கீழே.
கட்டில்தான் இருந்தது.

கடையில் எனக்குப் பதம் தெரியும்.
கொப்புளத்தின் சத்தம் கனக்கும்,
நெய் ஓரத்துக்கு ஒதுங்கும்,
திரண்டது துடுப்பை விட்டு நழுவும்.
இங்கே சத்தமே இல்லை.
கேரட் கேரட்டாகவே இருக்கிறது.
முந்திரி விழுது அதன் மேல் ஒட்டி,
தேங்காய்ப்பால் நடுவில் ஊறி,
எதுவும் எதையும் விட்டுப் பிரிகிற மாதிரி தெரியவில்லை.
முடிந்துவிட்டது என்று யார் வந்து சொல்வது?

வந்து தட்டினார் மேனேஜர் சம்சுகனி.
"மூணாவது மாடி வரைக்கும் ஏலக்கா வாசம்."
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார்,
பிளக் பாயின்டைத் தடவினார்,
கடைசியில் தட்டைத் தொட்டுப் பார்த்தார்.
சில்லென்றிருந்தது.
"என்னப்பா இது?"
"அல்வா பாய்."
ஒரு வாய் போட்டுக்கொண்டார்.
"வேகலையே."
"வேகாது பாய்."
விதியில் இதற்கு இடமில்லாததால்
இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

ஜெபின் ஒன்பதரைக்கு வந்தான்.
பையைக்கூடக் கழற்றாமல்
நின்றபடியே தின்றான்.
"அண்ணே, உங்க கடையிலயும் இப்படித்தானா இருக்கும்?"
பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.
"இல்லடா. அது வேற."
"இதுல என்ன குறையுது?"
"பச்சை வாசம் போகல."
"அதுதாண்ணே நல்லாருக்கு" என்று
தட்டை விரலால் வழித்தான்.
அவன் தின்று நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.
சத்தம் போட்டுத் தின்பவன் என்று
இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

புதன் விடியற்காலை நாலரை.
பர்னருக்கு முன்னால் நிற்கிறேன்.
பற்றவைக்கக் கொஞ்சம் தாமதமானது,
வேறொன்றுமில்லை, தீப்பெட்டி நமுத்திருந்தது.
நெய் உருகுகிறது.
நகக்கண்ணில் நேற்றைய ஆரஞ்சு
இன்னும் போகவில்லை.