ஃப்ரீ சைஸ்

நாற்பது உருப்படி என்றான்.
அழகருக்கு நேர்ந்தவர்கள் போடுவார்களே, அதே சட்டை,
அதே குல்லாய், அதே சரிகை.
தோல் துருத்தி மட்டும் ரப்பரில் இருந்தால் போதும்,
பன்னீர் அடிக்கத்தானே.
அழகர்கோயில் ரோட்டில் ஹோட்டல் திறக்கிறார்கள், பங்குனியில்.
வாசலில் வரிசையாக நின்று வரவேற்க வேண்டுமாம்.

அளவு, என்றேன்.
எல்லாம் ஃப்ரீ சைஸ் பாய், என்றான்.

குன்னத்தூர் சத்திரத்தில்
என் மெஷினுக்கு முன்னால் அப்போது
கை இரண்டையும் அகட்டி நின்றிருந்தார் வீரணன்,
லாரி ஆபீஸில் மூட்டை தூக்குகிறவர்.
ஒன்பதாவது வருஷம். என் டேப் அவர் மார்பில்.
"பதினஞ்சு நாள் விரதம், செருப்பு கிடையாது.
நாப்பது பேருக்கும் சொல்லியாச்சா தம்பி?"
கேலியில்லாமல் கேட்டார்,
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.

வந்தவன் என்னைப் பார்த்தான்.
சுவரில் மாட்டியிருந்த ஆயத்துல் குர்ஸியைப் பார்த்தான்.
"நீங்க விக்கலாம், நான் வாங்கக் கூடாதா?"

எனக்குப் பதில் வரவில்லை.
முப்பத்தொரு வருஷமாகத் தைக்கிறேன்,
ஒரு நாளும் போட்டதில்லை.
அவர் ஆற்றில் இறங்கும் காலையில்
துருத்தித் தண்ணீர் என் மீதும்தான் விழுகிறது.
யாரும் பேர் கேட்டு அடிப்பதில்லை.
அட்வான்ஸ் இருபதாயிரம்.
வாங்கி மெஷின் டிராயரில் வைத்தேன்.
இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி தைக்கும்போது தோன்றியது,
அழகரே இரவல் உடைதான்.
மலையை விட்டு இறங்கும்போது
கள்ளர் கொண்டை, காதில் கடுக்கன், கையில் வளைதடி.
அந்தச் சனத்தை
இருட்டினால் ஸ்டேஷனில் படுக்க வைத்து
பத்து விரலிலும் மை தடவிய காலத்திலும்
அவர் வேஷத்தை மாற்றிக்கொள்ளவில்லை.
பதினெட்டாம்படிக் கருப்பிடம் உத்தரவு கேட்டுக் கிளம்புகிறார்.
கூப்பிட்ட மண்டகப்படியில் எல்லாம் நிற்கிறார்.
வண்டியூர் வரைக்கும் போய்
எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கிறார் என்று ஒரு கதை,
நாங்களும் மறுத்ததில்லை.
உடையை இரவல் வாங்கியவர்
புழுதியையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.
இருபத்தேழாவது சட்டைக்குக் கை ஏற்றும்போது
கரண்ட் போனது.
அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

திறப்பு விழா அன்று பொட்டலங்களோடு போனேன்.
போடப்போகிறவர்கள் எல்லாம்
மேலூர், வெள்ளலூர்ப் பையன்கள்.
ஆளுக்கு அறுநூறு, சாப்பாடு தனி.
வீரணன் மகன் சோலைராசு அவர்களில் ஒருவன்.
என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்தினான்.

மேனேஜர் பூட்ஸை வரிசையாக வைத்தார்,
கறுப்பு, புதுசு.
மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வேலைதானே.
சோலைராசு குல்லாயைக் கையில் எடுத்தான்.
காலில் கிடந்த செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளினான்.
பிறகுதான் தலையில் வைத்தான்.
பூட்ஸ், என்றார் மேனேஜர்.
"இதப் போட்டுக்கிட்டு அது முடியாது சார்."
அறுநூறு போகும், என்றார்.
போகட்டும் என்று அவன் சொல்லவில்லை.
நின்றான், அவ்வளவுதான்,
ஏசியில் குளிர்ந்த பளிங்கில் வெறுங்காலோடு.

முதல் கார் வந்துவிட்டது. விட்டுவிட்டார்கள்.
ஒரு அம்மா அவன் தோளில் கைபோட்டு
செல்ஃபிக்கு இழுத்தபோது
அக்குளில் தையல் பிரிந்தது.
ஃப்ரீ சைஸுக்கு அடங்காத தோள், அப்பனுடையது.

காலரில் குத்திய ஊசியோடு ஓடினேன்.
உடுத்தியபடி தைக்கக் கூடாது என்பார்கள்.
தைத்தேன். அவன் மூச்சோடு
ஊசியும் ஏறி இறங்கியது.
"அப்பாகிட்ட சொல்லாதீங்க."
எதை என்று நான் கேட்கவில்லை.

கையை அகட்டு, என்றேன்.
டேப்பைச் சுற்றினேன். முப்பத்தெட்டரை.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
விருந்தினர் பட்டியலின் பின்பக்கம்
அவன் பேரைப் போட்டு எழுதிக்கொண்டேன்,
சித்திரைக்கு.